ஒரு பக்க ஒலி

ஞாயிறு, பதினோரு மணி.
ஆயர் ஈத்தாம், பதினான்காம் மாடி.
லிப்ட் பழுது, அதனால்தான் கோலாலம்பூர்க்காரர்கள்
நேரில் வராமல் காணொளியில் பெண் பார்க்கிறார்கள் என்று
அம்மா எதிர்வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.
லிப்ட் போன வாரமே சரியாகிவிட்டது.

அலுவலக மடிக்கணினியைச்
சாமி மேடைக்கு எதிரே பிஸ்கட் டின் மேல் ஏற்றினேன்.
அந்தப் பக்கம், செந்தூலில், ஒரு கைத்தொலைபேசி.
அதைச் சாய்த்துவைத்தது சீனி டப்பாவில் இருக்கவேண்டும்:
சரிந்து சரிந்து விழுகிறது,
விழும்போதெல்லாம் குழல்விளக்கும் ஒரு பல்லியும்.

முதலில் வந்தது பின்பக்கக் கேமரா.
மாப்பிள்ளைக்குப் பதில் ஈரத் துண்டு,
ஸ்டாண்ட் மின்விசிறி, பாதி தின்ற ரொட்டி,
யாரோ அவசரமாகக் காலால் தள்ளும் வாளி.
எனக்குப் பிடித்திருந்தது அந்த வீடு,
அந்த ஐந்து நொடி.

பிறகு குணாளன், படுக்கைவாக்கில்.
தலை இடப்பக்கம், கால் வலப்பக்கம்.
"போனத் திருப்புங்க" என்று
அப்பா தன் கழுத்தைத் திருப்பினார்.

பிறகு ஊளை.
அவருடைய அண்ணியும் அதே கூடத்தில்
இன்னொரு போனில் நுழைந்திருக்கிறார்.
ஒரே அறையில் இரண்டு கருவி என்றால்
ஒன்றின் வாயை மற்றதன் காது கவ்விக்கொள்ளும்.
எட்டு வருஷமாகப் பாயான் லெப்பாஸில் இதைத்தான்
ஷிப்டு ஷிப்டாக யாருக்காவது சொல்கிறேன்:
ஒன்றை அணையுங்கள் சார்.
இல்லை சார், மற்றதை.

ஊளை அடங்கிய பிறகுதான் தெரிந்தது
எங்கள் குரல் அந்தப் பக்கம் போகவேயில்லை என்று.
"ஹலோ, ஹலோ" அவர்கள்.
"கேக்குதுங்க, நல்லா கேக்குதுங்க" அம்மா,
திரையில் ஆவி படிய வாயை வைத்து.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும்.
நேற்றிரவு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது;
மைக்குக்கு அனுமதி கேட்டு
மூலையில் ஒரு சின்னக் கட்டம் காத்திருக்கிறது.
ஒரு சொடுக்கு.
சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன்.

"அவங்களுக்கும் கேக்காது போல, விடு.
போட்டோல இருந்த கலர் இல்லையே இது."
"வெளிச்சம் அப்படி."
"வெளிச்சமா? அந்த வயசும் வெளிச்சமா?"
"ஏன், நம்மளுதும் ரெண்டாவதுதானே."
"அத இன்னும் அவங்ககிட்ட சொல்லல.
மரகதம் அத்தை மெதுவா சொல்றேன்னாங்க."

குணாளன் சட்டைப் பித்தானைத்
திருகிக்கொண்டே இருந்தார்.
"அம்மா, மேல பச்சைப் புள்ளி எரியுது" என்றார் ஒருமுறை.
யாரும் திரும்பவில்லை.
இன்னொருமுறை அவர் சொல்லவில்லை.

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.
அப்பா முறுக்குத் தட்டில் ஒன்றை உடைத்து
உடைத்ததைத் தட்டிலேயே வைத்தார்.
எங்கள் கூடத்தில் ஒலி
நூற்றுக்கு நூறு.

சுட்டியைக் கட்டத்தைவிட்டு விலக்கினேன்.
எழுதும் பெட்டியைத் திறந்து
வேலையில் தினமும் எழுதும் அதே வரி,
அதே மரியாதை:

வணக்கம். உங்கள் பக்க ஒலி
தொடக்கத்திலிருந்தே தெளிவாகக் கேட்கிறது.

அண்ணி குனிந்து வாசித்தார், உதடசைய.
பிறகு எல்லாரும் அப்படியே.
ஒருவர் வாய் திறந்தபடி,
ஒருவர் காப்பிக் கோப்பை பாதி வழியில்.

"படம் நின்னுபோச்சா?" என்றார் அப்பா.

பழக்கதோஷம், இணைப்பின் கோடுகளைப் பார்த்தேன்.
நான்கும் முழுசாக இருந்தன.
அவர்களுக்குப் பின்னால் அந்த ஸ்டாண்ட் மின்விசிறி
தலையை இப்படியும் அப்படியும்
ஆட்டிக்கொண்டிருந்தது.